நாற்பத்தோராவது ஆள்

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் அகராதி. எதைக் கேட்டாலும் தெரிந்து வைத்திருப்பதால் வந்த பெயர் என்று முதலாளி சொல்வார். அட்டை வரைகிறவரைக் கேட்டால் வேறு காரணம் சொல்லுவார், அதுவும் சரிதான்.

பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கிற சின்னப் புத்தகங்கள் போடுகிற இடம் அது. ஆண்டுக்கு ஒரு புத்தகம். அந்த ஆண்டில் பிறந்த பெரிய மனிதர்கள் நாற்பது பேர், ஆளுக்குப் பதினெட்டு வரி. விஞ்ஞானி, ஓட்டக்காரி, பாடகர், ஒரு நாட்டையே ஆட்டிப்படைத்த கொடுங்கோலன் எல்லாரும் அவள் கையில் ஒன்றுதான். எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் பத்தொன்பதாவது வரி கிடையாது.

நாற்பத்தோராவதாக ஓர் ஆள் உண்டு. அது சுத்தப் புளுகு. எதிர்த் தெருப் பதிப்பகத்துக்காரர்கள் இவர்கள் புத்தகத்தை அப்படியே சுட்டுப் போடுகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் பிறக்காத ஒருவரைப் பிறக்கவைத்து நடுவில் செருகிவிடுவார்கள். அந்த ஆள் அவர்கள் புத்தகத்திலும் வந்தால் திருட்டு வெளிச்சமாகிவிடும். அலுவலகத்தில் அதற்குப் பொய்ப்பிள்ளை என்று பெயர். பெற்றுப்போடுவது அகராதியின் வேலை. கண்ணைக் கட்டிக்கொண்டு கடிகாரம் ரிப்பேர் செய்தவர், பூனைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர் என்று எத்தனையோ பேரைப் பெற்றிருக்கிறாள்.

போன வருஷம் அவள் பிறந்த ஆண்டே வேலைக்கு வந்தது. நாற்பது பேரையும் மளமளவென்று முடித்துவிட்டாள். நாற்பத்தோராவது ஆளுக்குத்தான் பேனா நகரவில்லை.

அந்த ஆண்டில் அவள் வீட்டிலேயே இரண்டு பேர் பிறந்தார்கள். ஜனவரி பத்தாம் தேதி இவள். டிசம்பர் கடைசியில் தங்கை. “ஒரே வருஷத்துல ரெண்டா! மூச்சு விட நேரமில்லையா?” என்று அம்மாவைக் கேலி செய்யாத ஆளில்லை. தங்கை பிறந்தது இருபத்தொன்பதாம் தேதி. பதியப் போன அப்பா தேதியை மறந்துபோய் இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வருஷா வருஷம் அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

“இருபத்தொம்பதுடி! அம்மாவையே கேளு!”

“காகிதத்துல இருக்கறதுதான் கணக்கு. போடி.”

தங்கை சீழ்க்கை அடிப்பாள். சும்மா இல்லை, ஒரே மூச்சில் இரண்டு சுரம். முன்பல்லுக்கு நடுவே இருந்த சந்து கொடுத்த வரம் அது. இருபத்திரண்டு வயதில் ஓர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகப்போகிறேன் என்று பையைக் கட்டினாள். அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவள் அகராதி. அப்பாகூட அழுதுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இவள்தான் வாசலை மறித்துக்கொண்டு கத்தினாள். “போனா திரும்பி வராத! தங்கச்சின்னு ஒருத்தி எனக்குப் பொறக்கவே இல்ல. தலைமுழுகிட்டேன்!”

தங்கை கையிலிருந்த பையைப் பார்த்தாள். “பொறக்காதவளுக்கு எதுக்குடி பை?” என்று அதைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரு தகவல் இல்லை. அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. எந்த ஊருக்குச் சொல்லி அனுப்புவது? பை மட்டும் அலமாரி மேல் இருக்கிறது. அவள் அதைத் திறந்ததில்லை, தூசி படியவும் விட்டதில்லை.

அதனால் அந்தப் புத்தகத்தின் பொய்ப்பிள்ளையாகத் தங்கையையே எழுதினாள். பெயரை மாற்றினாள். பல் சந்தையும் இரண்டு சுரத்தையும் மாற்ற மனசு வரவில்லை. நூறு மேடை ஏறவைத்தாள், ஆயிரம் பேரை எழுந்து நின்று கைதட்டவைத்தாள். அப்படியாவது இருக்கட்டுமே என்று ஏங்கி ஏங்கி எழுதினாள். தேதி மட்டும் இருபத்தெட்டு என்றே போட்டாள். பிடிவாதம் எங்கே போகும்?

இந்த வருஷம் முதலாளி எதிர்த் தெருக்காரர்கள் போட்ட இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“மாட்டிக்கிட்டான்! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்! ரெண்டு பதிப்புலயும் நம்ம பொய்ப்பிள்ளை. வக்கீல் காகிதம் தயார் பண்ணிட்டார், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

காகிதத்தில் ஒரே வரிதான். ‘இப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை என்று உறுதி கூறுகிறேன்.’

அவள் பேனா மூடியைத் திறந்தாள், திரும்ப மூடினாள்.

“சட்டுனு போடுங்க. திருடறதைக்கூட ஒழுங்கா திருடத் தெரியல பாருங்க. முதல் பதிப்புல இருபத்தெட்டு, ரெண்டாவதுல இருபத்தொம்பது!”

அவள் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். இருபத்தொன்பது. உலகத்தில் அந்தத் தேதிக்காகச் சண்டை போட ஒரே ஒருத்திதான் உண்டு.

“சார், இவ பொறந்தா. என் தங்கச்சி.”

“என்ன உளர்றீங்க? அப்ப கேஸு என்னாகறது?”

“பொறக்கலன்னு ஒரு தடவ சொல்லிட்டேன் சார். அதுவே போதும். இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்.”

“அப்ப நாளைலேருந்து வேலைக்கு வராதீங்க.”

அவள் தலையாட்டிவிட்டு நேரே எதிர்த் தெருவுக்குப் போனாள். அங்கிருந்த மேலாளருக்கு அவளைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டியது. சண்டைக்கு வரவில்லை, தேதியைத் திருத்தியது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சிய பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

“ஒரு வாசகர் லெட்டர்மா. ஏதோ கிறுக்குன்னு நெனச்சோம். தேதியை மட்டும் மாத்திட்டோம்.”

‘பிறந்த தேதி 29. மேடை எல்லாம் ஏறியதில்லை. அது இருக்கட்டும், படிக்க நன்றாக இருக்கிறது. தேதியை மட்டும் திருத்துங்கள். இதை முதலில் எழுதியவளைக் கேட்டால் திருத்த மாட்டாள், அகராதி பிடித்தவள்.’

கீழே கையெழுத்து இல்லை, விலாசம் இல்லை. உறையைக் கேட்டாள். அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அவள் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். மேலாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மூணாவது பதிப்பு போடுவீங்களா?” என்று கேட்டாள்.

“போடுவோம்மா.”

அவள் ஒரு தாளை வாங்கி ஒரே ஒரு வரி எழுதி நீட்டினாள். ‘இவர் விட்டுப் போன பை அதே வீட்டில், அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது.’

“அந்தப் பொண்ணோட குறிப்புல கடைசியா இதைச் சேர்த்துடுங்க.”

மேலாளர் எண்ணிப் பார்த்தார். “பத்தொம்பது வரி ஆயிடுமேம்மா?”

“ஆகட்டும். இத்தனை நாளா எங்ககிட்ட எவ்வளவோ திருடினீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும், இதையும் திருடிக்கோங்க.”