ரெக்ஸ் நோஸ்கியின் கார் சாவி

ரெக்ஸ் நோஸ்கியின் சாவியைச் செல்லாததாக்க எனக்குப் பதினோரு நிமிடம்தான் ஆனது. அதிலும் மூன்று நிமிடம் அவருடைய ஷெட்டுக்குள் லைட் சுவிட்சைத் தேடியதில் போனது.

எங்கள் ஊர் பெரூலில் கார் சாவி வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். வேறு ஆள் வேண்டுமென்றால் நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டும். அறுவடை நேரத்தில் கோதுமைக்குள் சாவியைத் தொலைக்கிறவர்கள், மீன் பிடிக்கப் போய் ஏரியில் போடுகிறவர்கள், நாய் மென்று துப்பியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், எல்லோரும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வர வேண்டும். என் பெயர் ராபின். முதுகுக்குப் பின்னால் சாவிக்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெனீன் ஜீலாங்கிலிருந்து போன் செய்தாள். ரெக்ஸின் ஒரே மகள். பள்ளிக்கூடப் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் என் பக்கத்து சீட். அந்தப் பஸ்ஸை ஓட்டியதே ரெக்ஸ்தான். முப்பத்தோரு வருஷம் ஓட்டினார், பக்கக் கண்ணாடிகூட உடைந்ததில்லை.

"அப்பா கார் சாவியைச் சாகடிக்கணும்டி," என்றாள்.

"என்னடி உளர்றே?"

"சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். கதவு தொறக்கட்டும். வண்டி மட்டும் கெளம்பக் கூடாது. உன்னால முடியும்ல?"

முடியும். சாவியின் தலைக்குள் அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. கார் அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் எஞ்சின் பிடிக்கும். காரின் நினைவிலிருந்து அந்தச் சாவியை அழித்துவிட்டால் எத்தனை தடவை திருகினாலும் கரகரவென்று சுற்றும், பிடிக்காது. சாவி திருட்டுப் போனவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பேன். சொந்தக்காரர் கையிலேயே பத்திரமாக இருக்கிற சாவிக்கு இப்படிச் செய்யச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பேசாம சாவியை வாங்கி வச்சுக்கோயேன்."

"வாங்கினா அப்புறம் ஜென்மத்துக்கும் எங்கூட பேச மாட்டாரு. உனக்குத் தெரியாதா அவரை?"

"அப்ப லைசன்ஸ் ஆபீஸுக்கு எழுது. கூப்பிட்டு டெஸ்ட் வைப்பாங்க."

"வச்சா பாஸ் பண்ணிடுவாருடி. அதானே பிரச்சனை!"

அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது ஆகிறது. போன மாதம் கேட் தூணில் வண்டியை உரசிவிட்டார். மத்தியானம் போன் அடித்தாலே விபத்துச் செய்தியோ என்று தோன்றுகிறது. நாளைக்கு ஏதாவது ஒரு குழந்தை குறுக்கே வந்தால் என்ன ஆகும்? சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். ஜெனீன் அழுதால் நாலாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தாங்காது. அப்பாவின் காரியங்களை அவளே பார்த்துக்கொள்ளலாம் என்று ரெக்ஸ் எப்போதோ கையெழுத்துப் போட்ட அதிகாரப் பத்திரத்தை அனுப்பி வைத்தாள். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. நான் தாளைத்தான் பார்த்தேன்.

அந்தக் கார் தினமும் எங்கே போகிறது என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டேன். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி கார்வினில் இருக்கிற முதியோர் இல்லத்தில் ரெக்ஸின் மனைவி எல்வா படுத்திருக்கிறாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நர்ஸ்கள் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். ரெக்ஸ் பன்னிரண்டு மணிக்குப் போய் ஊட்டினால்தான் ஏதோ உள்ளே போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனீன் வந்து அப்பாவைத் தன் காரில் கார்வினுக்கு அழைத்துப் போனாள். நான் ஷெட்டைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே என் மிஷினைச் செருகி, புதிதாக ஒரு சாவியைப் பதிவு செய்தேன். பழைய சாவிகள் இரண்டையும் அழித்தேன். புதுச் சாவியை அவள் சொன்னபடி வீட்டு வாசலில் இருக்கிற கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு ரெக்ஸ் போன் செய்தார்.

"ராபின் பொண்ணே, கார் மக்கர் பண்ணுது. பேட்டரிக்காரன் வந்து பாத்துட்டான். பேட்டரி நல்லாத்தான் இருக்காம், சாவில ஏதோ கோளாறுங்கிறான். சட்டுனு வர முடியுமா?"

போனேன். இஸ்திரி போட்ட சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. முன் சீட்டில் சூடு தாங்கும் பைக்குள் பூசணி சூப்பும் கஸ்டர்டும் தயாராக இருந்தன. மிஷினைச் செருகி, எதையோ படிப்பதுபோல் நடித்துவிட்டு, ஜெனீன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"காரோட கம்ப்யூட்டர் போயிடுச்சு ரெக்ஸ். பழைய மாடல். பாகம் கிடைக்காது."

"முந்தாநேத்து வரைக்கும் ஓடுச்சே!"

"இதெல்லாம் அப்படித்தான். சொல்லிட்டா போகுது?"

என்ன வாய் எனக்கு! அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு அவ சாப்பிடணுமே," என்றார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வேனில் ஏறச் சொல்லி நானே கூட்டிப்போனேன்.

அங்கே பார்த்ததை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சூப்பை ஒரு கரண்டி எடுத்து, "ஷில்லிங் வீட்டு கேட்," என்றார். எல்வா வாயைத் திறந்தாள். அடுத்த கரண்டிக்கு, "தண்ணித் தொட்டி முக்கு." திறந்தாள். அவர் ஓட்டிய பள்ளிக்கூடப் பஸ்ஸின் நிறுத்தங்கள். எல்வாவும் முன் சீட்டில் அதே பஸ்ஸில்தான் வருவாள், சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட. முப்பத்தெட்டு நிறுத்தத்தையும் வரிசை மாறாமல் சொன்னார். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை ஏறும், எது தினமும் தாமதமாக ஓடி வரும் என்பதுகூட இடையிடையே வந்தது. பதினேழாவது என் வீடு. வயதாகித் தடுமாறுகிறாரென்று மகள் பயப்படுகிற மனிதர் இவர். எனக்குப் போன வாரம் செய்த வேலையே நினைவில் இருப்பதில்லை.

திரும்பி வந்ததும் ஜெனீனைக் கூப்பிட்டேன்.

"சாவியைத் திருப்பிப் போடப் போறேன்டி. என்னால ஆகல."

"தாராளமா போடு. நாளைக்கு அவர் யாரையாவது ஏத்திட்டா, அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீ போய் நின்னு சொல்லு."

"அவர் நல்லா இருக்காருடி. உங்கம்மா என்னத்த சாப்பிடுவா?"

"செவ்வாயும் வெள்ளியும் இல்லத்து பஸ் வருது. அதுல போகட்டும். மத்த நாள் நர்ஸுங்க எதுக்கு இருக்காங்க? அப்புறம் ராபின், பத்திரம் என் பேர்ல இருக்கு. என் அனுமதி இல்லாம அந்த வண்டில கை வச்சேன்னா உன் சாவி வேலை உரிமம் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

நாலு மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் மிரட்டியதும் நான் அடங்கிவிட்டேன். கோழை என்றால் கோழைதான், வேறு என்ன சொல்வது? வாரம் ஒரு நாள் நானே அவரைக் கூட்டிப்போய் என் மனசுக்கு வெள்ளையடித்துக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் பஸ். மற்ற நாட்களில் எல்வா வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், மகள் என்று நினைத்துக்கொண்டு.

நாலாவது திங்கட்கிழமை ரெக்ஸ் என் கடைக்கு நடந்தே வந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் ராபின். கார்ல கோளாறே இல்ல."

மாட்டிக்கொண்டேன் என்று பட்டது. ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. கத்தட்டும், நாலு வார்த்தை கேட்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"கோளாறு எனக்குத்தான்," என்றார். "நேத்து ஜெனீன் வந்தா. ஷெட்டைக் கூட்டணும், வண்டியை வெளிய எடுக்கிறேன்னு எங்கிட்டருந்து சாவியை வாங்கிட்டுப் போனா. மொதத் திருகுலயே கெளம்பிடுச்சு. கண்ணால பாத்தேன். அணைச்சுட்டு எங்கிட்ட குடுத்தா. நான் உக்காந்து திருகினா வரல. 'சரியா திருகுங்கப்பா, மறுபடி பண்ணுங்கப்பா'ன்னு பக்கத்துலயே நிக்கிறா. வரவே இல்ல. கம்ப்யூட்டர் போச்சுன்னு நீ சொன்னதுகூட என் மனசு நோகக் கூடாதுன்னுதானே? வண்டி கெளப்பக்கூட எனக்கு மறந்துபோச்சு பொண்ணே."

பாவி. மீட்டர் பெட்டிச் சாவியை உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். கார் கிளம்பவில்லை என்பது அவளுக்குப் போதவில்லை. அப்பாவே தன்னை நம்பாமல் போகிற வரைக்கும் வேண்டியிருந்தது அவளுக்கு.

"ஜீலாங்ல அவ வீட்டுப் பக்கத்து இல்லத்துல எடம் இருக்காம். கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார். "எல்வாவுக்கும் கேட்டிருக்கா. இப்போதைக்கு ஒரு படுக்கைதான் காலியாம்."

"ரெக்ஸ், நீங்க ஒண்ணையும் மறக்கல," என்றேன். "நான்தான் உங்க சாவியை அழிச்சேன். ஜெனீன் சொன்னா, நான் செஞ்சேன். நேத்து அவ போட்டது வேற சாவி. நான் பண்ணிக் குடுத்த சாவி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல மனசு உனக்கு. ஆறுதலா எதையாவது சொல்லணும்னு பாக்குறே. பெத்த பொண்ணு அப்படிச் செய்வாளா?"

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை வேனில் ஏற்றினேன். உரிமமாவது மண்ணாங்கட்டியாவது. ஷெட்டில் மிஷினைச் செருகி, அவர் பார்க்கப் பார்க்க, அவருடைய சாவியை மறுபடி பதிவு செய்தேன். திரையில் 'பதிவானது' என்று வந்ததை விரல் வைத்துக் காட்டினேன். சாவியை அவர் கையில் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

திருகினார். சட்டென்று பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அணைத்துவிட்டார்.

"பாத்தீங்களா? கார்வினுக்குப் போலாம், நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"வேண்டாம்."

"ஏன் ரெக்ஸ்?"

"இப்ப நீ பக்கத்துல இருக்கே, கெளம்புச்சு. நேத்து ஜெனீன் இருந்தா, அவளுக்குக் கெளம்புச்சு. உனக்குத் தெரியாது. இந்த மூணு வாரமும் தெனம் காலைல யாருக்கும் தெரியாம இங்க வந்து உக்காந்து திருகிப் பாத்திருக்கேன். அம்பது தடவை, அறுபது தடவை. ஒரு நாளாவது வந்திருக்கணுமே? இதுவே மறந்துபோச்சுன்னா, ரோட்டுல போகும்போது பிரேக் எதுன்னு மறந்துட்டா? முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போனவன். இனிமே ஒரு பிள்ளை மேல ஏத்திட்டு நான் உசிரோட இருக்கணுமா?"

"நான் சொல்றது சத்தியம் ரெக்ஸ். சாவியை அழிச்சது நான்!"

"பொய் சொல்லாத பொண்ணே," என்றார், கோபமே இல்லாமல். "உனக்குப் பொய் சொல்ல வராது."

அன்றைக்கே ஜெனீனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு தடவை உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடு, உன் வாயால சொன்னாத்தான் நம்புவாரு என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"அவரே மனசார ஒத்துக்கிட்டாரு. இப்ப போய் எதுக்குடி கிளர்றே?" என்றாள். "இந்த ரெண்டு வருஷத்துல மொத தடவையா நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்."

வியாழக்கிழமை அவரை அழைத்துப் போய்விட்டாள். காருக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டது. வாங்கியவன் இரண்டு சாவி வேண்டுமென்று என்னிடமே கொண்டுவந்தான். வேறு எங்கேயாவது போ என்று துரத்திவிட்டேன்.

கார்வினுக்கு இப்போது நான்தான் போகிறேன், கடையைச் சாத்திவிட்டு, முடிந்த நாளெல்லாம். பூசணி சூப்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். பஸ் நிறுத்தங்களையும் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லிப் பார்க்கிறேன். எல்வா உதட்டை இறுக்கிக்கொண்டு என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்க்கிறாள். ஒரு மணி வரைக்கும் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். பிறகு சூப்பைத் தொட்டியில் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.