மொட்டைமாடியில் இருந்து இறங்கிய மீன்பல்லி

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இக்தியோசார் என்ற பழங்கால மீன்பல்லியைச் செய்யலாம் என்று சொன்னது அகல்யா. செய்தால் நிஜ அளவில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஹெப்சிபா. இருவரும் எட்டாம் வகுப்பு. சின்ன வகையாகத் தேடித்தான் எடுத்தார்கள். அப்படியும் மூங்கிலும் அட்டையும் வைத்துக் கட்டி முடித்தபோது, அது ஆட்டோவைவிட நீளமாக ஹெப்சிபா வீட்டு மொட்டைமாடியில் படுத்திருந்தது.

கண்காட்சியன்று காலையில்தான் மாடிப்படியின் வளைவு நினைவுக்கு வந்தது. அந்த வளைவில் மீன்பல்லியின் தலை திரும்பியது. வயிறு திரும்பவில்லை.

“வால அறுத்துட்டு அங்க போய் ஒட்டிக்கலாமா?” என்று கேட்டார் ஹெப்சிபாவின் அப்பா சவரிராஜ்.

“வாலாலதான்பா அது நீந்தும்! அத போய் அறுக்கச் சொல்றியே.” ஹெப்சிபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அகல்யா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்தாள். “கயிறு இருக்குதா அங்கிள்? இப்டியே எறக்கிடலாம்.”

சவரிராஜ் கயிற்றை இரண்டு இடத்தில் கட்டினார். அவரும் ஹெப்சிபாவும் மேலிருந்து பிடித்துக்கொள்ள, அகல்யா கீழே ஓடினாள். மீன்பல்லி மெல்ல அந்தரத்தில் இறங்கியது. நூல் மூட்டை ஏற்றிவந்த மினி வேன் ஒன்று நின்றுவிட்டது. எதிர்வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த செல்லியம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“யம்மாடி! இன்னாடி இது, சுறாவா?”

“இல்லக்கா, சுறா மீனு. இது பல்லி, முதலை மாதிரி ஊர்வன. மூச்சு வுடணும்னா தண்ணிக்கு மேல வந்துதான் ஆவணும்,” என்றாள் அகல்யா.

“அப்போ டைனோசர்னு சொல்லு,” என்றார் வேன் ஓட்டிவந்த ரஞ்சித்குமார்.

“அது இருந்த காலத்துல இதுவும் இருந்திச்சிண்ணா. ஆனா டைனோசர் வேற, இது வேற. அரியலூர் பக்கம் அப்ப கடலு. இதுங்களோட பல்லு, முதுகெலும்பு எல்லாம் அங்க மண்ணுல கெடச்சிருக்கு.”

“அரியலூர்லயா? சிமெண்ட் லோடுக்குப் போயிகினு இருந்தேனே, நான் பாக்கலையே!”

அதற்குள் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. துடுப்பு கேபிள் ஒயரில் மாட்டிக் கிழிந்தது. வயிற்றில் ஒட்டியிருந்த தாளும் பிய்ந்து, உள்ளேயிருந்து ஒன்று பொத்தென்று விழுந்தது. செல்லியம்மாள் இரு கைகளாலும் அதைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கையில் ஒரு குட்டி இக்தியோசார்.

“அய்யோ, புள்ளத்தாச்சியா இது! முட்ட போடாதா?”

மேலிருந்து ஹெப்சிபா கத்தினாள். “கரைக்கு வந்தாத்தானே முட்ட போட முடியும்? இது கடல வுட்டு வராதுக்கா. குட்டி வயித்துலயே வளந்து, தண்ணியிலயே பொறக்கும்!”

தெருவே சிரித்தது. செல்லியம்மாள் குட்டியை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்க் கழிவு நூலை எடுத்துவந்தாள். இறங்கிய மீன்பல்லியின் துடுப்பை அதனாலேயே இறுக்கிக் கட்டினாள். ரஞ்சித்குமார் மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் செய்தார். வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் சிவப்புத் துணியொன்று ஆட, அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

நடுவராக வந்திருந்த ஆசிரியை கலைமகள் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இந்த நிறம்தான்னு எப்படிம்மா தெரியும்?”

ஹெப்சிபா அகல்யாவைப் பார்த்தாள். அகல்யா பதில் சொன்னாள். “சில புதைபடிவத்துல தோலு கருப்பா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க மிஸ். இந்தப் பச்சை எங்களா அடிச்சது. பெயிண்ட் அதுதான் இருந்துச்சு.”

ஆசிரியை சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, தானே தண்ணீர் ஊற்றும் பூந்தொட்டிக்கு. அது நியாயம்தான் என்று இருவருக்கும் பட்டது.

மத்தியானம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வந்து மீன்பல்லியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதன் திறந்த வாயை எட்டிப் பார்த்த ஒரு சிறுமி, “இது இன்னா துன்னும்?” என்று கேட்டாள்.

“மீனு, கணவா மீனு,” என்றாள் அகல்யா.

சிறுமி தன் தட்டைப் பார்த்தாள். பிறகு நிம்மதியாகச் சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.