பத்து விரலுக்கும் மை

எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. சலவைப் பவுடர், பெட்ரோல், கடைசியில் உப்புத்தாள். மைனாவின் இடது ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததே தவிர, நகக்கண்ணில் இருந்த கறுப்புக் கோடு அசையவில்லை.

எப்படி அசையும்? அந்த மையைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். சொந்த ஊரில் தேர்தல் வேலை பார்த்துப் பழுத்துவிட்டு, நாடு நாடாகப் போய்த் தேர்தல் நடத்தச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. "வீட்டுல எனக்கு ஒரு ஓட்டு கிடையாது, ஊரு உலகத்துக்கெல்லாம் வாங்கித் தர்றா" என்பார் என் வீட்டுக்காரர். பயிற்சி வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்திய பாடம் ஒன்றுதான்: "தோல்ல மட்டும் வைக்காதீங்க, தேய்ச்சு எடுத்துடுவாங்க. நகக்கண்ணுல படணும். நகம் வளர்ந்து வெட்டுற வரைக்கும் போகாது." அதை வார்த்தை பிசகாமல் அந்த ஊர் மொழியில் திருப்பிச் சொன்னவள் மைனா. சொன்னதைச் சொல்வதால்தான் அந்தப் பெயரே வைத்தோம். முந்தாநாள் தன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

இன்று விடிவதற்குள் ஆயுதக்காரர்கள் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள். தேர்தல் செல்லாதாம். ஓட்டுப் போட்டவர்கள் துரோகிகளாம். தெருக்கோடியில் தடுப்பு வைத்து விரலைக் காட்டச் சொல்கிறார்கள், மை இருந்தால் லாரியில் ஏற்றுகிறார்கள். அலுவலக மாடியிலிருந்து பார்த்தோம். ஏனோதானோவென்று மை வைத்த சாவடிக்காரர்கள் புண்ணியவான்கள். நான் திட்டித் திட்டித் திருத்தியவர்கள்தான் ஜனங்களை மாட்டிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன, மாட்டிவிட்டது நான்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. வெளிநாட்டுக்காரர்களை மட்டும் விமான நிலையம் வரை விடுவதாகப் பேச்சு. எங்கள் குழுத் தலைவர் படியேறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"கிளம்புங்கம்மா. இதுக்கு மேல நான் பொறுப்பில்லை."

"இவளையும் ஏத்திக்கலாம் சார்."

"ஏத்தினா நம்ம எல்லாரையும் இறக்கிடுவாங்க."

"நான் வரலக்கா," என்றாள் மைனா. "அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையா கிடக்கு. நான் போகலன்னா ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆளில்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மேசைக்கடியில் இருந்த மிச்ச மைப் பெட்டியை ஓங்கி உதைத்தேன். ஒரு பாட்டில் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. இருவரும் அதையே பார்த்தோம்.

"அழிக்கத்தானே முடியல?" என்றேன். "பூசிடலாம்டி. பத்து விரலுக்கும். சாயப்பட்டறையில வேலைன்னு சொல்லு."

கிண்ணத்தில் ஊற்றி அவள் இரண்டு கையையும் முக்கினேன். பச்சைப் புண்ணில் மை பட்டதும் துடித்தாள், கையை இழுக்கவில்லை. ஆனால் புது மை வெளிர் ஊதா, முந்தாநாள் கோடு அட்டக்கறுப்பு. குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். அந்த மை வெயில் பட்டால்தான் கறுக்கும், வானமோ மூடிக்கிடந்தது. அவள் கைகளை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாரன் ஓயவில்லை. சாமி பூதம் எதையும் கும்பிடாதவள் நான். "ஒரு கீத்து வெயில், ஒரே ஒரு கீத்து" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

வந்தது. விரல்கள் பழுப்பாகி, கறுத்து, அந்தக் கோடு மற்றக் கறுப்போடு கலந்துபோனது. நான் அழுதுவிட்டேன்.

மைனா அழவில்லை. மீதிப் பாட்டில்களைத் திறந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் ஊற்றத் தொடங்கினாள்.

"என்னடி பண்றே?"

"எங்க தெருவுல நான் சொல்லித்தான் எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க. வீடு வீடா சோதனைக்கு வர்றதுக்குள்ள கொண்டுபோகணும்."

"டப்பாவோட மாட்டினா?"

"சாயப்பட்டறைக்காரி கையில சாயம் இருக்காதாக்கா?"

தடுப்பில் எங்கள் வண்டியை நிறுத்திக் கடவுச்சீட்டுகளைப் புரட்டினார்கள். பக்கத்திலேயே நடந்து வருபவர்களின் வரிசை. மைனாவின் முறை வந்தது. துப்பாக்கிக்காரன் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரியவைப்பவள் அங்கே அல்லவா நின்றிருந்தாள்.

டப்பாவைத் திறக்கச் சொன்னான். அடியில் எதையாவது ஒளித்திருக்கிறாளா என்று விரலை உள்ளே விட்டுத் துழாவினான். முகர்ந்து முகத்தைச் சுளித்தான், கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, போ என்று தலையை ஆட்டினான். அவள் திரும்பிப் பார்க்காமல், ஓடாமல், நடந்து போனாள்.

அடுத்தவரை நிறுத்த அவன் கையைத் தூக்கியபோதுதான் கவனித்தேன். விரலெல்லாம் வெளிர் ஊதா. நகக்கண்ணில் கச்சிதமாக இறங்கியிருந்தது, நானே வைத்திருந்தாலும் அப்படி வந்திருக்காது. கறுத்தால் அவனுக்கு விளங்கிவிடும். டப்பாக்காரி எந்தத் தெருவுக்குள் போனாள் என்று தேட ஆரம்பிப்பான்.

எங்கள் வண்டி நகர்ந்தது. மறுபடி மூடியிருந்த மேகம் கலைந்து, தடுப்புக் கட்டையின் நிழல் தரையில் மெல்ல விழத் தொடங்கியது.

"என்னம்மா முணுமுணுக்கிறீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"வெயில் வேண்டாம் சார்," என்றேன். "வெயில் மட்டும் வேண்டாம்."