காப்பித் தட்டு மட்டும் வந்தது

1978 ஆவணியில், அலங்காநல்லூர் முத்திருளன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பித் தட்டு தெரிந்தது, பெண் தெரியவில்லை. தட்டு அடுப்படியிலிருந்து தானாக வந்து ஆளுக்கொரு தம்ளர் நீட்டிவிட்டு நின்றது. "காப்பி வந்திருச்சு, பொண்ணக் கூப்புடுங்கண்ணே" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். "இந்தா, முன்னாலதான நிக்கிது!" என்றார் முத்திருளன். பத்தாம் வகுப்புப் படிக்கிற மூத்தவள் சீனியம்மாள் அங்கேதான் நின்றாள். பெற்றவர்களுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நன்றாகத் தெரிந்தாள்.

இதற்குக் காரணம் மதுரை கே.கே. நகரிலிருந்த ஸ்யாமளா டீச்சர். அவருடைய தங்கை பாலாம்பாளைப் பதினைந்தில் கட்டிக்கொடுத்து, பதினாறில் பிரசவத்தில் பறிகொடுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். ஸ்யாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வயதுப் பிள்ளை எடுத்துப் படிக்க என்ன இருந்தது? ஒரு பக்கம் சிங்கமும் நரியும் பேசுகிற கதை, இன்னொரு பக்கம் மாமியாரும் மருமகளும் அழுகிற தொடர். நடுவில் நிற்கிறவளிடம் ஒருவரும் பேசவில்லை. அதனால் ஒரு பத்திரிகையில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி வாராவாரம் எழுத ஆரம்பித்தார். புத்திமதி கிடையாது. அவள் கோபப்படுவாள், பொய் சொல்வாள், சைக்கிள் பழகி விழுவாள். அந்தக் கதை ஓடுகிற வரைக்கும், அதைப் படிக்கிற பிள்ளைகள் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படவில்லை. இது காதுக்கு எட்டியதும், பத்திரிகைக்காரர் எம்புட்டுச் சொல்லியும் டீச்சர் கதையை முடிக்கவில்லை.

முத்திருளன் வீட்டுக்கு வந்தவர்களுக்கோ வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. தம்ளர் எடுக்க வந்த சின்னவள் ஒச்சாயியைப் பார்த்தார்கள். பதிமூன்று வயது. ஆடு மேய்க்க ஆளில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவள் பளிச்சென்று தெரிந்தாள். "இதையே குடுங்கண்ணே" என்று பூ வைத்துவிட்டார்கள். முத்திருளனும் தலையாட்டினார், என்ன மனுஷனோ! தை பிறந்ததும் கல்யாணம் முடிந்தது.

சீனியம்மாள் பஸ் ஏறிப் போய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். "உங்க கதை என்னைய மறைச்சிருச்சு டீச்சர். எந்தங்கச்சியக் காட்டிக் குடுத்திருச்சு. படிக்கத் தெரியாத பிள்ளைகளும் இருக்குன்னு உங்களுக்கு ஏன் தோணல?"

பாலாம்பாளை எடுத்துப்போன அன்றைக்கு அழாத ஸ்யாமளா அன்றைக்கு அழுதார். அடுத்த வாரத்திலிருந்து, ஒருத்தி வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினார். கதைக்குள் ஆடு மேய்க்கிற பிள்ளை ஒருத்தியும் வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் சீனியம்மாள் வயக்காட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசித்தாள். களையெடுக்கிற பிள்ளைகளும் ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஒச்சாயியும் கேட்டாள். பிரசவத்தில் அவள் உயிர் தப்பியதே பெரிய பாடு. தாலி ஏறிய கழுத்துக்கு அந்தக் கதை பலிக்கவில்லை.

அந்தப் பக்கம் பெண் தேடி வருகிறவர்கள், காப்பி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். போகிற வழியில் மோட்டார் ரூமை எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இடுப்புப் பிள்ளையோடு ஒச்சாயி ஒருத்தி மட்டும் உட்கார்ந்து, உம் கொட்டிக்கொண்டிருப்பாள்.