இடது ஓரத்துக் குரல்

எட்டு வருடமாக ஆட்டக்காரர்கள் வாசல் வழியாகவே மைதானத்துக்குள் போய்வந்த நேதன் ஹெப்வொர்த்துக்கு, பார்வையாளர்கள் நுழையும் இரும்புச் சுழல்கதவு இவ்வளவு குறுகலானது என்று அன்றுதான் தெரிந்தது. தொடையில் கம்பி இடித்தது. உள்ளே நின்று டிக்கெட் கிழிக்கும் மனிதர் அவனை எங்கே பார்த்தாலும் "என்ன கேப்டன்" என்பவர். இன்று டிக்கெட்டை மட்டும் பார்த்தார். நேதன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிழக்கு ஸ்டாண்டுக்குள் நுழைந்தான்.

அவர் பேசாததில் அவனுக்கு வருத்தமில்லை. ஒரு வாரமாக ஆல்டர்பி ஊரே அவனிடம் அப்படித்தான் இருந்தது. போன சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்தில் ஆல்டர்பி ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் கடைசி ஆட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க வேண்டாம். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, இடது ஓரத்தில் அவனைத் தாண்டி ஓடிய எதிரணிப் பொடியன் ஒருவன் திரும்பி நின்று, "பெரியவரே, மூச்சு வாங்குது பாருங்க, கொஞ்சம் உக்காந்துக்குங்க" என்றான். அடுத்த பந்து வந்தபோது நேதன் பந்தை விட்டுவிட்டு அவன் காலை உதைத்தான். சிவப்பு அட்டை, கடைசி ஆட்டத்தில் ஆடவும் தடை. பத்துப் பேராகிப்போன அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றது.

இப்போது கணக்கு இதுதான். நான்காம் டிவிஷனிலிருந்து இரண்டு அணிகள் கீழே போகும். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமுள்ள அந்த ஒரு குழிக்கு ஆல்டர்பியும் விட்கமும் நின்றன. ஆல்டர்பிக்கு ஒரு புள்ளி அதிகம், விட்கமுக்குக் கோல் கணக்கு நல்லது. ஆக, விட்கம் ஜெயித்தால் ஆல்டர்பியும் ஜெயிக்க வேண்டும். அவர்கள் டிரா செய்தால் இவர்களும் குறைந்தது டிரா செய்ய வேண்டும். தோற்றுக் கீழே போனால் லீக்கை விட்டே வெளியே. அப்படிப் போன கிளப்புகளில் பாதி திரும்பி வந்ததில்லை. டிக்கெட் அறைப் பெண்கள், உடுப்பு துவைப்பவர், கேன்டீன் ஆட்கள் என்று சீட்டுக் கிழியப்போவது யாருக்கெல்லாம் என்று நேதனுக்கு முகம் முகமாகத் தெரியும். அவனுக்கு வயது முப்பத்து நாலு. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி.

"டிரஸ்ஸிங் ரூம் பக்கம் வராதே" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பசங்க உன் மூஞ்சியைப் பார்த்தா போன வாரம் ஞாபகம் வரும்." வீட்டிலும் இருக்க முடியவில்லை. காலையில் ஒன்பது வயது மகள் ஃப்ரேயா கார்ன்ஃப்ளேக்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "ஸ்கூல்ல எல்லாரும் உன்னாலதான்னு சொல்றாங்க. உன்னாலதானாப்பா?" மனைவி ஹேசல் மகளை அதட்ட வாயெடுத்தாள். நேதன் முந்திக்கொண்டு "ஆமாம்" என்றான். ஃப்ரேயா தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். அதற்குமேல் அந்தச் சமையலறையில் உட்கார அவனால் ஆகவில்லை. கிளப்புக்கு ஃபோன் செய்து, மிச்சமிருந்த ஒரே ஒரு சீட்டை வாங்கினான். கிழக்கு ஸ்டாண்டில், களத்தின் ஓரக் கோட்டுக்கு மிக அருகே, மூன்றாம் வரிசை.

உட்கார்ந்து, காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே கைகளைச் செருகிக்கொண்டான். பக்கத்து சீட்டில் சின்ன உருவமாக ஒரு பெண். அறுபதை நெருங்கிய வயது. பச்சை மழைக்கோட்டு, நேர்த்தியாகச் சீவிய நரைத்த குட்டை முடி, மடியில் ஃப்ளாஸ்க். அவன் உள்ளே வந்தபோது நடக்க இடம்விட்டுக் கால்களை ஒதுக்கி, "வா கண்ணு" என்று மெல்லிய குரலில் சொல்லியிருந்தாள். இங்கே எல்லாப் பெண்களும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆட்டம் தொடங்கி முதல் பந்து வெளியே போனது. அந்தப் பெண் எழுந்தாள்.

"டேய் ரெஃப்ரீ, கண்ணை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

நேதன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் குரல். எட்டு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பாதி நேரம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல். "ஹெப்வொர்த், பஸ்ஸுக்கா காத்துட்டிருக்க?" "ஹெப்வொர்த், அந்தக் காலைக் கடன் வாங்கினியா?" ஆயிரம் பேர் கத்தினாலும் அதற்குமேல் தனியாக எழும், தகரத்தைக் கிழித்தது போன்ற குரல். யாரோ கறிக்கடைக்காரர், கழுத்தே இல்லாத ஒரு ஆம்பளை என்றுதான் அவன் கற்பனை செய்துவைத்திருந்தான். டிரஸ்ஸிங் ரூமில் அந்தக் குரலுக்குப் பேர்கூட வைத்திருந்தார்கள், சங்கு என்று. இப்போது சங்கு கோட்டின் பின்பக்கத்தைச் சரிசெய்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்தது.

முதல் பாதியில் கோல் இல்லை. எதிரணி ஸ்டோக்லி ஜெயித்தால் நேராக மேல் டிவிஷனுக்குப் போகும். அவர்களும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். விட்கம் ஆட்டத்திலும் கோல் இல்லை என்று பின்வரிசையில் சிவப்பு மஃப்ளர் போட்ட ஒரு ஆள், ஃபோனைப் பார்த்துப் பார்த்து, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நேதனின் கால்கள் தரையில் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. பந்து இடது பக்கம் போனபோதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. களத்தில் நிற்கும்போது பயத்தை ஓடித் தீர்த்துவிடலாம். இங்கே அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. இவர்கள் இத்தனை வருடமாக எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இடைவேளையில் அந்தப் பெண் ஃப்ளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவனிடம் நீட்டினாள். காகிதத்தில் சுற்றிய மீட் பை என்ற கறி அடைத்த பண்டத்தில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். டீயை வாங்கிக்கொண்டு, "சாப்பாடு இறங்கல, வேண்டாம்" என்றான்.

"இறங்காதுதான்," என்றாள். "இறங்குச்சுன்னா மனுஷனே இல்ல."

நேதன் திரும்பிப் பார்த்தான்.

"தொப்பி போட்டா தெரியாதுன்னு நினைச்சியா? எட்டு வருஷமா உன் முதுகையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். அந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

அவன் டீயைப் பார்த்தபடி, "நீங்கதான் சங்குன்னு எனக்குத் தெரியாது" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"சங்கா?" அவள் அந்தப் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "என் பேரு மாக்ஸீன் ஓல்ட்ராய்ட். சவ அடக்கம் பண்ற கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். வாரம் பூரா ஜனங்க அழுதுட்டே வருவாங்க. மெதுவா, மெதுவாப் பேசணும். சனிக்கிழமை இங்க வந்து கத்தலன்னா தொண்டை அடைச்சே செத்துருவேன்."

பின்னாலிருந்த சிவப்பு மஃப்ளர்க்காரன் இதைக் கேட்டுவிட்டான். எட்டிப் பார்த்தான். "ஏய், இது ஹெப்வொர்த். இவனாலதான்டா இந்த நிலைமை. காசு குடுத்து வந்து உக்காந்திருக்கான் பாரு, நாம முழுகுறதை வேடிக்கை பார்க்க." இரண்டு வரிசைகள் திரும்பின. நேதன் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். போகும் வழியெல்லாம் ஆட்கள்.

மாக்ஸீன் திரும்பவில்லை. மீட் பையைக் கடித்து மென்று விழுங்கிவிட்டு, "அவனைத் திட்டறது என் வேலை, டெரிக்" என்றாள். "நீ ஸ்கோரைப் பார்த்துச் சொல்லு. அது உன் வேலை."

யாரோ சிரித்தார்கள். டெரிக் ஃபோனுக்குத் திரும்பினான்.

இரண்டாம் பாதியில் ஆல்டர்பியின் இடது ஓரம் இந்தப் பக்கம் வந்தது. நேதனின் இடத்தில் ஓவன் ப்ராஸர் ஆடினான். நடுக்களத்து ஆள், வலது கால்காரன், பாவம், தெரியாத வேலை. மாக்ஸீன் அவனை ஒரு நிமிடமும் விடவில்லை. "ப்ராஸர், அது உன் காலா, விறகா?" என்றதும் ஓவன் தோள்களைச் சுருக்கிக்கொண்டதை நேதன் பார்த்தான். அந்தச் சுருக்கம் எப்படி இருக்கும் என்று அவன் தோளுக்குத் தெரியும்.

பிறகு ஸ்டோக்லி கோல் போட்டது. அந்தக் கோடியில் அவர்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு சத்தமில்லை. மாக்ஸீன்கூட ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நேதனின் மனத்துக்குள் ஃப்ரேயாவின் கேள்வியும் தன் பதிலும் ஓடின. 'ஆமாம்' என்று காலையில் சொல்லும்போது அது ஒரு வார்த்தையாக இருந்தது. இப்போது அதற்கு எடை வந்திருந்தது. இன்னும் எத்தனை வருடம் இந்த ஊர்க் கடைகளில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்?

ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உள்ளே வந்து, நாலைந்து பேர் காலில் பட்டுத் தடுமாறி, கீழே விழுந்து கிடந்த ஓவன் ப்ராஸரின் முழங்காலில் மோதி, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டியது. அழகான கோல் இல்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையுமில்லை. நேதன் தன்னையறியாமல் மாக்ஸீனைத் தூக்கியிருந்தான். இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

ஒன்றுக்கு ஒன்று. விட்கம் இன்னும் டிராவில். இப்படியே முடிந்தால் போதும். பக்கத்தில் யாரோ கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அப்போது டெரிக்கின் குரல் உடைந்து வந்தது.

"விட்கம் கோல்."

அது ஸ்டாண்டில் வரிசை வரிசையாகப் பரவி களத்துக்குள் போய்விட்டது. டிரா இனிப் போதாது. "முன்னாடி போ" என்று ஆயிரக்கணக்கானவர்கள் கத்தினார்கள். மேனேஜர் இரண்டு கையையும் வீசினார். ஆல்டர்பி முழுக்க முன்னால் ஓடியது. ஓவனும் ஓடினான்.

"இல்ல, இருங்க... இருங்க." டெரிக் ஃபோனை முகத்தோடு ஒட்டிவைத்திருந்தான். "ஆஃப்சைடு. கோல் குடுக்கல. கோல் இல்ல."

அருகிலிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் செய்தி மெதுவாகத்தான் பரவியது. மற்ற மூன்று பக்கமும் "முன்னாடி" என்ற கூச்சல் நிற்கவில்லை. களத்தில் யாருக்கும் தெரியாது. நேதனின் கண் தானாக இடது ஓரத்துக்குப் போனது. நடுக்கோட்டருகே ஸ்டோக்லியின் ஏழாம் நம்பர் தனியாக நின்றிருந்தான். சுற்றி ஒரு ஆள் இல்லை. இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தான். ஒரு நீளமான உதை வந்தால் போதும்.

"ஓவன்" என்று நேதன் கத்தினான். "ஓவன், பின்னாடி வா." இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவன் மாக்ஸீனின் கோட்டுக் கையைப் பிடித்தான்.

"நீங்க கத்துங்க. அவனைப் பின்னாடி பார்க்கச் சொல்லுங்க. ஏழாம் நம்பர் தனியா நிக்கறான். நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு ஃப்ளாஸ்க்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, சீட்டின் மேல் ஏறி நின்றாள்.

"ப்ராஸர். பின்னாடி பாருடா, தடிமாடே."

ஓவனின் தோள்கள் சுருங்கின. திரும்பினான். ஏழாம் நம்பரைப் பார்த்தான். ஓட ஆரம்பித்தான். அதே நேரத்தில் ஸ்டோக்லியின் பின்களத்திலிருந்து பந்து உயர எழும்பி அந்தக் காலி இடத்தில் வந்து இறங்கியது. ஏழாம் நம்பர் அதை எடுத்துக்கொண்டு வேலியோரமாக, அவர்கள் முகத்துக்கு நேரே ஓடினான். ஓவன் பின்னால் வந்தான். வலது கால்காரன் இடது காலை நீட்டி விழுந்து சறுக்கினான். பந்து அவன் முழங்காலுக்குக் கீழே பட்டு, வேலியைத் தாண்டி, இரண்டாம் வரிசையில் ஒருவர் மடியில் விழுந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தார். ரெஃப்ரீ ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதினார்.

அதோடும் முடியவில்லை. விட்கம் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்து அங்கங்கே நின்றார்கள். டெரிக் பார்க்க முடியாமல் ஃபோனைப் பக்கத்து ஆளிடம் கொடுத்திருந்தான். அந்த ஆள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். பிறகு சாதாரணக் குரலில், "முடிஞ்சது. டிரா" என்றார்.

முதலில் சத்தம் வரவில்லை. ஸ்டாண்டு முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது, சுமை இறக்கும்போது வருமே, அது. அதற்கப்புறம்தான் கூச்சல். ஜனங்கள் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினார்கள். நேதன் உட்கார்ந்தே இருந்தான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வாரம் முழுக்க நெஞ்சுக்குள் யாரோ இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியதுபோல இருந்தது. அந்த இடத்தில் முதலில் வந்தது பசி.

"அந்த மீட் பை மிச்சம் இருக்கா?" என்றான்.

மாக்ஸீன் காகிதத்தோடு கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது. மூன்றே வாயில் தின்றான். அந்தக் கோடியில் ஸ்டோக்லிக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். டிரா அவர்களுக்குப் போதவில்லை. மேலே போக இன்னும் மூன்று ஆட்டம் ஆட வேண்டும். ஏழாம் நம்பர் புல்லில் குப்புறக் கிடந்தான். விட்கமில் இந்நேரம் யார் அப்படிக் கிடக்கிறார்களோ என்று நேதன் நினைத்தான். நினைத்தபடியே விரலில் ஒட்டிய மசாலாவை நக்கினான். அதற்கு அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஃபோன் அடித்தது. ஃப்ரேயா. "அப்பா, தப்பிச்சோமா?"

"தப்பிச்சோம்."

"இதுவும் உன்னாலதானா?"

"இல்ல. ஓவனால. அப்புறம் மாக்ஸீன்னு ஒருத்தங்களால."

"யாரு மாக்ஸீன்?"

அவன் மாக்ஸீனைப் பார்த்தான். அவள் ஃப்ளாஸ்க்கை அவனிடமிருந்து வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். குரல் சுத்தமாகப் போயிருந்தது. "அடுத்த வருஷம் இருப்பியா?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியல. யாரும் எதுவும் சொல்லல."

"இருந்தா அந்தக் காலைக் கொஞ்சம் ஓட விடு" என்றாள். கூட்டத்துக்குள் அவள் நரைமுடி மறைந்துவிட்டது.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நீண்ட வரிசை. எல்லாரும் முன்பின் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முன்னால் நின்றவர் நினைவுக்கென்று களத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு சதுரப் புல்லை, வேரும் மண்ணுமாக, சூடான பாத்திரம்போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். கோட்டில் மண் சொட்டியது. பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் பாஸை எடுக்க எந்தக் கையை விடுவது என்று தெரியாமல் தவித்தார்.

"இதைக் கொஞ்சம் பிடி தம்பி" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் நேதனிடம் நீட்டிவிட்டு, பாக்கெட்டைத் துழாவினார்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. புல்லின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது. நேதன் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மழையில், வரிசை நகரக் காத்து நின்றான்.