தாராளமா வைக்கலாம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன ஞாயிறு மத்தியானம், கோவில்பட்டியில், ஒரு போட்டோ ஸ்டூடியோ மாடியில். அங்கே நாங்கள் ஆறு பேர் வாராவாரம் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடுகிறோம். விரல் உயரப் படை, பகடை, தூரம் அளக்க ஒரு டேப், மலைக்குக் கரிசல் கட்டி. சிரிக்காதீர்கள், எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். நான் நடுவர். சம்பளம் ஒரு டீ, ஒரு வடை.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: 'குதிரைகள் கனைத்தன, புழுதி வானை மறைத்த—'

அடித்துவிட்டேன். பிளாஸ்டிக் குதிரை கனைக்காது. புழுதி மட்டும் உண்மை. கட்டி உதிர்ந்து டேப்பெல்லாம் கறுப்பு.

2

கிருஷ்ணவேணி இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மருந்துக்கடையில் வேலை. ஆடத் தொடங்கி எட்டு மாதம். எதிரே இசக்கிமுருகன், பாலிடெக்னிக் வாத்தியார், பத்து வருஷ அனுபவம். (முதல் வரைவில் 'அவன்' என்றே எழுதியிருந்தேன். வாத்தியார் ஆயிற்றே என்று 'அவர்' ஆக்கினேன். விரல் வலிக்கிறது.)

அன்று ஜெயிப்பவர்தான் எங்கள் சார்பில் மதுரைப் போட்டிக்குப் போகலாம். இடம் ஒன்றே ஒன்று. கிருஷ்ணவேணி அதற்கு இப்போதே லீவு கேட்டு, முதலாளியிடம் திட்டும் வாங்கிவிட்டாள்.

ஆட்டத்துக்கு முன் இருவரும் தங்கள் படையின் 'சாதகத்தை' மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம்: யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன செய்வார்கள் என்று எழுதிய சீட்டு. அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவர் சீட்டில், 'குதிரை 12. பாயும்.' அவ்வளவுதான். எப்போது பாயும், யார் மேல் பாயும், மூச்சில்லை.

3

பாதி ஆட்டத்தில் கிருஷ்ணவேணி தன் பீரங்கியை நகர்த்தினாள்.

"சார், இங்கன வைக்கலாம்லா?"

"தாராளமா வைக்கலாம், தங்கச்சி."

வைத்தாள். கையை எடுத்தாள். அவர் டேப்பை நீட்டினார்.

"அஞ்சு அங்குலம். என் குதிரை பாயுது."

"இது என் முறைல்லா?"

"ஆறு அங்குலத்துக்குள்ள எதிரி வந்து நின்னா, எதிரி முறையிலயே பாயலாம். பாத்துக்க." விதிப்புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம். அங்கே முன்கூட்டியே ஒரு பஸ் டிக்கெட் செருகி வைத்திருந்தார்!

"நான் கேட்டேம்லா சார்?"

"வைக்கலாமான்னு கேட்ட. வைக்கலாம். வச்சா என்ன ஆகும்னு கேட்டியா? கேட்டா சொல்லியிருப்பேன்."

கேட்டால் சொல்லியிருப்பாராம். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி ஐயா கேட்பது? ஜெயிக்க எதிரில் ஓர் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்கு ஆட்டம் தெரியக்கூடாது என்றால் சுவரோடு ஆடவேண்டியதுதானே! சுவர் டீயில் பங்கும் கேட்காது.

4

இங்கே ஒரு விஷயத்தைக் கடைசிப் பத்திக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். திடீரென்று எடுத்து வீசினால் நீங்கள் அசந்துபோவீர்கள். அப்புறம் யோசித்தேன்: அவருடைய பஸ் டிக்கெட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விதிப்புத்தகம் இங்கிலீஷ். கிருஷ்ணவேணிக்குத் தமிழில் நோட்டு எழுதிக் கொடுத்தவன் நான். நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். 'அப்போது கரண்ட் இல்லை' என்று மூன்று வரைவுகளில் எழுதினேன். கரண்ட் இருந்தது. சோம்பல்.*

* அவள் பீரங்கியைத் தூக்கியபோதே எனக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. நடுவர் கேட்காமல் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வாயில் வடை வேறு.

5

முடிவுகள்:

(அ) இசக்கிமுருகனின் கண்கள் கலங்கு— அவரைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள்.

(ஆ) நான் மேஜையை ஓங்கித் தட்டி, "ஆட்டம் செல்லா—" தட்டினால் சிப்பாய்கள் விழுந்துவிடும்.

நடந்தது இது. வடையை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "தப்பு என் மேல. நோட்டுல அந்தப் பக்கத்த எழுதாம விட்டுட்டேன். பீரங்கியப் பழைய இடத்துல வச்சுக்கோ, வேணி."

"எதிராளி சம்மதிக்காம எப்படித் திருப்பி வைக்க முடியும்? அதுவும் விதிதான் அண்ணாச்சி" என்றார் இசக்கிமுருகன்.

கிருஷ்ணவேணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

"பீரங்கி போனாப் போட்டும். சார், எனக்குத் தெரியாதது உங்க புஸ்தகத்துல இன்னும் என்னெல்லாம் இருக்கு? பாதி ஆட்டம் கிடக்கு. எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க. தோத்தாலும் தெரிஞ்சு தோக்கேன்."

அவர் வாட்சைப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கிழம பாப்போம்" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

இன்று சனிக்கிழமை. முடிவு எனக்குத் தெரியாது. எழுத எழுத, அவரை நல்லவராக்கவும் கை வரவில்லை, கெட்டவராக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. அதனால் அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். பதினொரு குதிரை மிச்சம், புத்தகம் உங்கள் மடியில், ஜெயித்தால் மதுரை. எதிரே அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்டுவிட்டாள். சொல்லுங்கள்.