மூன்று சக்கரப் புகழ்

அறுபத்திரண்டாம் வருஷத்தில் இராமநாதபுரத்தில் சினிமாக்காரர்களுக்குத்தான் ரசிகர் சங்கம் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்திராத மோட்டார் பந்தயத்துக்கும் ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர், வாடகை சைக்கிள் கடை செல்லச்சாமி.

சங்கத்தின் தெய்வம் சீனி முகம்மது. கீழக்கரையில் பிறந்து, மதராஸில் வளர்ந்து, ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிப் பெயர் வாங்கியவர்; வயதானதும் ஸ்டீயரிங்கை விட்டு மைக்கைப் பிடித்தவர். பந்தய நாளில் ரேடியோவில் அவர் பேச ஆரம்பித்தால், டீக்கடையில் கிளாஸைத் தூக்கியவர்கள் கார் வளைவைத் தாண்டும்வரை வாயில் வைக்க மாட்டார்கள்.

செல்லச்சாமி தலைவரானதற்கு ஒரு தகுதி இருந்தது. முன்பு சைக்கிள் சாமான் வாங்க மதராஸுக்குப் போய்வந்தவர், சீனி முகம்மதுவுக்கு மெக்கானிக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு பந்தயமே ஓடிவிட்டு வந்ததாகச் சொன்னார். பாதியில் ஒரு சக்கரம் கழன்று ஓடிவிட்டதாம். கார் சாய்ந்ததாம். இவர் மறுபக்கம் வெளியே தொங்கி, பாரம் கொடுத்து நிமிர்த்தினாராம். மூன்று சக்கரத்திலேயே ஜெயித்தார்களாம்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். பாம்பன் பக்கம் காற்றில் வள்ளம் சாய்ந்தால், குறுக்குப் பலகையில் ஓர் ஆள் வெளியே போய் உட்கார்ந்து நிமிர்த்துவதைத் தினமும் பார்க்கிற ஜனங்கள் இவர்கள். வள்ளத்துக்குப் பொருந்துவது காருக்கு ஏன் பொருந்தாது? செல்லச்சாமி ‘ரேஸ் செல்லச்சாமி’ ஆனார். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இலை போட்டார்கள்.

நம்பாதவர் ஒருவர்தான்: மிளகாய் மண்டி இருளாண்டி, சங்கத்தின் உபதலைவர். ‘உப’வை உதிர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவரே செலவு செய்து சீனி முகம்மதுவை ஊருக்கு வரவழைத்தார்.

“அவுக வாயாலேயே கேட்டுருவோம், அண்ணே,” என்றார் மிகவும் பணிவாக.

செல்லச்சாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொய் வெளுத்தால் அரண்மனைத் தெருவில் தலைகாட்ட முடியாது. அதைவிட, தான் உயிராக நினைக்கிற மனுஷன் தன்னைப் பார்த்து ‘யார் இவன்?’ என்று கேட்டுவிட்டால்?

விழா ஊருணிக் கரைத் திடலில் நடந்தது. சாயல்குடிப் பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து திறந்த கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். போன வாரம்வரை அதில் கோழி அடைகாத்தது. இப்போது சிவப்புப் பெயிண்ட், மாவிலைத் தோரணம். விழா முடிவில் சீனி முகம்மது அவர்கள் அதைத் தம் கையால் ஓட்டிக்காட்டுவார் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

சீனி முகம்மது நெற்றியில் பந்தயக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். எலுமிச்சம்பழம், மாலை, நாதஸ்வரம். பிறகு வரவேற்புப் பத்திரம். கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பத்திரத்தை இருளாண்டியே வாசித்தார். மூன்று சக்கரக் கதையை ஒன்று விடாமல் அதில் எழுதவைத்திருந்தார். ‘அன்று வெளியே தொங்கிக் காரை நிமிர்த்திய எம் தலைவர் செல்லச்சாமி’ என்ற இடத்தில் நிறுத்தி, விருந்தாளி முகத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. செல்லச்சாமி மட்டும் தரையைப் பார்த்தார்.

சீனி முகம்மது எழுந்தார். மேடையைக் கடந்து வந்து செல்லச்சாமியைக் கட்டிப் பிடித்தார்.

“என் உயிரைக் காப்பாற்றிய கரங்கள்!” என்றார் மைக்கில், ரேடியோவில் கேட்ட அதே குரலில். “வள்ளத்துப் பலகையில் நிற்பவனைப் போல் நின்றார், ஐயா. கழன்ற சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. அதையும் முந்தினோம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இருளாண்டி வாயைத் திறந்தபடி நின்றார். அவரைவிட அதிர்ந்துபோனவர் செல்லச்சாமி. நடக்காத ஒன்றைத் தான் சொன்னது தனக்குத் தெரியும். அதற்கு இந்த மனுஷன் எப்படிச் சாட்சி ஆனார்? கூட்டத்தில் இத்தனை பேர் இருக்க, சீனி முகம்மது பொய் சொல்கிறார் என்று அறிந்த ஒரே ஆள் அவருடைய முதல் ரசிகன்.

அடுத்த அடி அதற்குள் விழுந்தது. “இன்று காரை ஓட்டும் பெருமையை என் தோழருக்கே தருகிறேன். நான் வர்ணனை சொல்வேன்,” என்றார் சீனி முகம்மது.

செல்லச்சாமி சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. காரை நோக்கி நடக்கையில் விருந்தாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அய்யா, நான் உங்களை இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்.”

“தெரியும் தம்பி. ஊருக்கு ஊர் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்காரு. நான் யாரையும் இல்லேன்னு சொன்னதில்ல.”

“நீங்க கார் ஓட்டியிருக்கீகளா, இல்லையா?”

சீனி முகம்மது கண்ணாடியைத் துடைத்தார். “வல்லாஹி, சத்தியமா ஓட்டுனேன். ஒரே பந்தயம். முதல் வளைவுல வைக்கப்போருக்குள்ள போயிட்டேன். மைக்கு கையில வந்தப்புறந்தான் தம்பி எனக்கு வேகம் வந்துச்சு.”

செல்லச்சாமியின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. தொண்டர்கள் தூக்கி சீட்டில் வைத்தார்கள்.

கார் கிளம்பவில்லை. சங்கமே தள்ளியது. ஆனால் ஒலிபெருக்கியில் இன்ஜின் உறுமியது, டயர் கிறீச்சிட்டது, தூசி எழும்பியது. “இதோ, மின்னலென வருகிறார் செல்லச்சாமி! கண்ணை இமைக்காதீர்கள்!” ஜனங்கள் காரைப் பார்ப்பதை விட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

கரைச் சரிவு வந்ததும் கார் தானாகவே உருண்டது. செல்லச்சாமி கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்தார். ஹாரன் மட்டும் அடித்தது. “பயங்கரமான வளைவு! கார் சாய்கிறது!” என்று குரல் அலறியது. சாயாத காரைக் காப்பாற்ற அத்தனை பேரும் ஓடினார்கள். தலைவர் காட்டிய வழிதானே? எல்லாரும் ஒரே பக்கம் தொற்றி வெளியே சாய்ந்து பாரம் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் இருளாண்டி. கார் இப்போது நிஜமாகவே சாய்ந்து, சங்கத்தோடு ஊருணிக்குள் இறங்கியது.

“வெற்றிக் கோட்டைத் தாண்டிவிட்டார்!” என்றது ஒலிபெருக்கி.

இடுப்பளவுத் தண்ணீரில், கழுத்தில் அல்லிக்கொடியோடு செல்லச்சாமி எழுந்து நின்றார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் இருளாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இருளாண்டி, எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுப்பா. எல்லாம் பொய். நீ நினைச்சதுதான் சரி.”

இருளாண்டி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். நம்பாத அந்த ஒரு மனிதனையும் செல்லச்சாமி அத்தோடு இழந்தார்.

“பெரிய மனுசங்க அப்பிடித்தான்ணே பேசுவீக. அது கிடக்கட்டும். முதல்ல தொத்துனது நான். அதை மறக்காம நாலு பேருகிட்டச் சொல்லுங்க.”

அடுத்த பந்தய நாளன்று டீக்கடை ரேடியோவில் சீனி முகம்மது, இராமநாதபுரத்தில் நடந்த மாபெரும் ஓட்டத்தைப் பற்றிப் பேசினார். அதில் ஊருணியே வரவில்லை. இனி அந்தக் குரலைக் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருந்த செல்லச்சாமி, தெரு முனையிலேயே நின்று கொஞ்சம் கேட்டார். பிறகு டீக்கடைக்குள் வந்தார். தன் வெற்றியை முழுக்கக் கேட்ட பிறகும் நகராமல், இரண்டாவதாக யார் வந்தார்கள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.